ஜப்பானிய ஓவியக் காலண்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான். அப்பா ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வாட்டர் கலரில் தேர்ந்த கை. புத்தாண்டுக்கு அவருக்கு ஜப்பானிய மரபு ஓவியங்கள் போட்ட சுவர்க் காலண்டர் ஒன்று பரிசாகக் கொடுக்க வேண்டும். இணையத்தில் தேடினால் 300 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய் வரை வருகிறது, எல்லா அட்டையிலும் அதே பெரிய அலை. எது நல்லது? ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் கேட்டவர் கடைசியில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: மட்டமான அச்சு அப்பா கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும் என்று. உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. கையில் எடுத்துப் பார்க்க வழியில்லாமல், திரையில் தெரியும் நாலைந்து படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஓவியம் தெரிந்த ஒருவர் வருடம் முழுக்கப் பார்க்கப்போகிற காலண்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நான் 21 வருடம் ஆஃப்செட் அச்சகத்தில் கலர் செப்பரேஷன் பிரிவில் வேலை பார்த்தவன். ஆடி மாதம் தொடங்கினால் மார்கழி வரை எங்களுக்குக் காலண்டர் வேலைதான். ஜப்பானிய மர அச்சு ஓவியங்கள் மேல் பிடிப்பு வந்ததும் அந்த வேலையால்தான். நாலு பிளேட்டில் நிறத்தைப் பிரித்துக்கொண்டிருந்த எனக்கு, கணினியும் கேமராவும் இல்லாத காலத்தில் பத்துப் பதினைந்து மரப்பலகைகளில் அதே வேலையைச் செய்தவர்களைப் பார்த்ததும் விட முடியவில்லை. ஜப்பானிய மொழியில் தலைப்பையும் கையெழுத்தையும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுதான் எனக்குத் தெரியும். ஆகவே அச்சு, காகிதம், அளவு பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஓவியர் நல்லவர் என்று சொல்லும் இடத்தை ஒரு ரசிகனுடைய கருத்தாக எடுத்துக்கொண்டால் போதும்.

காலண்டருக்கும் இந்தக் கலைக்கும் உள்ள உறவை முதலில் சொல்லிவிடுகிறேன். எடோ காலத்து ஜப்பானில் (1603 முதல் 1868 வரை; எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர்) மாதங்கள் சந்திரனை ஒட்டி வந்தன. 30 நாள் உள்ளது பெரிய மாதம், 29 நாள் உள்ளது சின்ன மாதம். எந்தெந்த மாதம் பெரியது என்பது வருடா வருடம் மாறும். மாதக் கடைசியில் கணக்குத் தீர்க்கிறவர்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் காலண்டர் அச்சிட்டு விற்கும் உரிமை அனுமதி பெற்ற சிலருக்கு மட்டும்தான் இருந்தது. அதனால் வசதியான கவிதை ரசிகர்கள் அந்த வருடத்து மாத எண்களை ஒரு படத்துக்குள் ஒளித்துவைத்து, அச்சிட்டு, புத்தாண்டில் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். இதற்கு எகொயோமி என்று பெயர். படக் காலண்டர் என்று சொல்லலாம். 1765-இல் இந்த மோகம் உச்சத்துக்குப் போய், யாருடையது அழகு என்ற போட்டியில் பணத்தைக் கொட்டினார்கள். நிறத்துக்கு ஒரு பலகை செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றி எடுக்கும் முழு வண்ண அச்சு முதிர்ந்தது அந்தப் போட்டியில்தான். சுசுகி ஹருனொபு அதில் வந்த முதல் பெரிய ஓவியர்.

அவருடைய 'மாலை மழை' என்ற படம் அந்த 1765-ஆம் வருடத்துக் காலண்டர். திடீரென்று காற்றும் மழையும் அடிக்க, ஒரு பெண் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடிவருகிறாள். ஓடுகிற வேகத்தில் ஒரு காலின் மரச்செருப்பு கழன்றுவிட்டது. கொடியில் படபடக்கும் கிமோனோவின் பூவேலையைக் கூர்ந்து பாருங்கள். அது பூவேலை இல்லை, எழுத்து. பெரிய மாதங்கள் 2, 3, 5, 6, 8, 10 என்று துணியிலேயே எழுதியிருக்கிறது. இப்படி வந்த படங்களில் பலவற்றை, எண்களை மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு கடைகளில் விற்றார்கள். ஆக ஜப்பானிய வண்ண அச்சோவியம் ஒரு புத்தாண்டுப் பரிசாகவே வளர்ந்த பொருள். உங்கள் அப்பாவுக்கு நீங்கள் கொடுக்க நினைப்பது அந்த வழக்கத்துக்கு மிகவும் பொருத்தமானது.

சரி, இப்போது திரையில் பார்த்து எப்படித் தேர்ந்தெடுப்பது? எல்லோரும் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் ஓரத்தைப் பார்க்கச் சொல்வேன். எல்லா அட்டையிலும் வரும் அந்தப் பெரிய அலை, ஹொக்குசாய் என்ற எடோ காலத்து ஓவியருடையது. அந்த அலை ஓவியம் சுமார் 26 செ.மீ. உயரம், 38 செ.மீ. அகலம். ஓபான் என்று சொல்லப்படும் இந்த அளவில்தான் ஹொக்குசாய், ஹிரோஷிகே ஆகியோரின் புகழ்பெற்ற தொடர்கள் பெரும்பாலும் வந்தன. வெளிநாட்டுக் காலண்டர்களில் பரவலாக இருப்பதோ 12 அங்குலச் சதுரம். அகலமான படத்தைச் சதுரத்துக்குள் நிரப்ப வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கை வெட்டியாக வேண்டும். அலை ஓவியத்தில் இடது மேல் மூலையில் ஒரு நீளப் பெட்டி இருக்கும். 'ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' என்ற தொடர் பெயரும் படத்தின் பெயரும் அதில் உண்டு. பக்கத்திலேயே ஓவியரின் கையெழுத்து. அந்தப் பெட்டியும் கையெழுத்தும் முழுசாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால், காலண்டர் செய்தவர் அந்தப் படத்தை வெறும் அலங்காரத் துணியாக நினைத்துக் கத்தரி போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வாடிக்கையாளருக்காக ஹிரோஷிகேயின் மழைப் பாலம் படத்தைச் சதுரமாக்கினேன். பக்கம் நிரம்ப வேண்டும் என்றார்கள், வானத்தில் பாதியை எடுத்துவிட்டேன். பிளேட் போய், மெஷினில் ஏறி, தாள் கையில் வந்ததும்தான் உறைத்தது. அந்தப் படத்தில் மேலே கறுத்துத் தொங்கும் மேகம்தான் கீழே பாலத்தில் குனிந்து ஓடுகிறவர்களை ஓடவைக்கிறது. மேகம் போனதும் மழைக்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது. அதற்கப்புறம் மரபு ஓவியம் எது வந்தாலும், நாலு பக்கமும் வெள்ளை விட்டு முழுசாகப் போடுவோம் என்று வாடிக்கையாளரிடம் ஒரு முறையாவது பேசிப் பார்க்காமல் நான் வெட்டியதில்லை.

அதனால் அளவு என்று வரும்போது என் சிபாரிசு, படத்தின் பகுதி மட்டுமே ஏ3 தாள் அளவுக்கு, அதாவது 42-க்கு 30 செ.மீ. பக்கமாக, இருக்கும் காலண்டர். ஓபான் படம் அதில் கிட்டத்தட்ட அசல் அளவிலேயே, சுற்றிலும் கொஞ்சம் வெள்ளையோடு உட்காரும். அசல் அளவில் பார்ப்பது தனி அனுபவம். சுவரை அடைக்கும் போஸ்டராகப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அந்த அலை உண்மையில் இரண்டு கையில் பிடித்துப் பார்க்கிற ஒரு சின்னத் தாள் என்பதே ஆச்சரியமாக இருக்கும். உங்கள் அப்பா கிட்டே போய்ப் பார்க்கிற ஆளாக இருந்தால், இந்த ஒரு விஷயத்துக்கே கூடுதல் விலை கொடுக்கலாம்.

அடுத்து, விற்பவர் பக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஓவியர் பெயர், படத்தின் பெயர், வருடம், எந்த அருங்காட்சியகத்துப் பிரதி என்பதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இவர்களின் படங்கள் காப்புரிமை முடிந்தவை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் இப்படிப்பட்ட படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தும்படி பெரிய அளவில் இலவசமாகவே கொடுக்கிறது. ஓபான் படத்தை அசல் அளவில் அச்சிட ஒரு பக்கத்துக்குச் சுமார் 4,500 பிக்சல், மறுபக்கத்துக்கு 3,000 பிக்சல் இருந்தால் போதும். அது இலவசமாகவே கிடைக்கும்போது மங்கலான படத்தைப் போடுகிறவருக்கு அக்கறை இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெயரும் வருடமும் இல்லாமல் 'ஜப்பானியக் கலை' என்று மட்டும் போட்டிருந்தால், இப்போதெல்லாம் கணினியே உண்டாக்கிய படமாகவும் இருக்கலாம். அதில் மலை இருக்கும், செர்ரிப் பூ இருக்கும், கொக்கு இருக்கும், ஆனால் மூலையில் இருக்கும் எழுத்து எழுத்தாகவே இருக்காது.

இன்னொரு சோதனை கிமோனோ. உடுத்தியிருப்பவரின் இடப்பக்கத் துணிதான் வலப்பக்கத் துணிக்கு மேலே வர வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். வலது மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. எதிரே நின்று பார்க்கும் நமக்குக் கழுத்துப் பட்டி ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஒய்' மாதிரித் தெரியும். தலைகீழாக இருந்தால் ஒன்று படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டார்கள், இல்லையென்றால் வரைந்தவருக்கு விஷயம் தெரியாது. பக்கத்தில் அழகாக உட்கார வேண்டும் என்று படத்தைத் திருப்புவது அச்சுத் தொழிலில் நடக்கிற காரியம்தான். அலை ஓவியத்திலும் இதே சோதனை செய்யலாம். பெரிய அலை இடப்பக்கம் எழுந்து வலப்பக்கமாகச் சரிய வேண்டும்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். இங்கேதான் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உறுதியானது: 1830-ஐ ஒட்டி ஹொக்குசாயின் ஃபூஜித் தொடர் வரத் தொடங்கியபோது அதன் பெரிய ஈர்ப்பு ஒரு நீலம். பெர்லினில் செயற்கையாகக் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம் அது. பெர்லின் என்பதிலிருந்தே ஜப்பானியர்கள் 'பெரோ' நீலம் என்று பெயர் வைத்தார்கள். முதல் 36 படங்களில் பலவற்றுக்கு வெளிக்கோடே அந்த நீலத்தில்தான் ஒற்றப்பட்டது. பிறகு சேர்த்த 10 படங்களுக்குக் கோடு கறுப்பு. முப்பத்தாறு என்று பெயர் இருந்தாலும் தொடரில் மொத்தம் 46 படங்கள். அலை ஓவியத்தின் கோடு ஆழ்ந்த நீலம். மலிவான அச்சில் அது தட்டையான கறுப்பாகிவிடும், கடலும் ஊதா அடிக்கும். நீலத்தில் மஜெந்தா, அதாவது அச்சின் இளஞ்சிவப்பு மை, கொஞ்சம் ஏறிவிட்டால் ஊதா ஆகும் என்பது பிளேட் பிரிவில் முதல் வாரமே கற்றுக்கொள்ளும் பாடம். விற்பவர் போட்டிருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இது ஓரளவு தெரியும். ஓரளவுதான், ஏனென்றால் அது பெரும்பாலும் அச்சான தாளின் புகைப்படம் கிடையாது, கணினிக் கோப்பு. வாங்கியவர்கள் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டி எடுத்துப் போட்டிருக்கும் படங்களை நம்புங்கள்.

சந்தேகமானது: 'அசல் நிறம்' எது? இதற்கு நிச்சயமான பதில் யாரிடமும் கிடைக்காது. மரப்பலகை தேயும். முதலில் ஒற்றிய பிரதிக்கும் ஆயிரமாவது பிரதிக்கும் கோட்டில் வித்தியாசம் உண்டு, நிறத்தில் அதைவிட அதிகம். 'சிவப்பு ஃபூஜி' என்று நாம் கொண்டாடும் ஹொக்குசாய் படத்தின் ஆரம்பப் பிரதிகளில் மலை வெளிறிய ரோஜா நிறமாகவே இருக்கிறது. பிரஷ்ய நீலம் வருவதற்கு முந்தைய படங்களில் பூவிலிருந்து எடுத்த நீலமும் குசும்பாப் பூச் சிவப்பும் வெளிச்சம் பட்டு மங்கிவிட்டன. அவை கலந்து வந்த ஊதா இன்று பல படங்களில் பழுப்பாகத்தான் தெரிகிறது. ஆகவே இரண்டு காலண்டர்களில் ஒரே படம் இரண்டு விதமாக இருந்தால் ஒன்று தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு வேறு பிரதிகளாக இருக்கலாம். பழைய தாளின் லேசான மஞ்சள், நடுவில் மடித்த கோடு இதெல்லாம் தெரிந்தால் எனக்கு நிறைவாக இருக்கும். எல்லாவற்றையும் வெளுத்துப் பளிச்சென்று ஆக்கிய படத்தைவிட அது நேர்மையானது.

நிறத்தைவிடக் கவனிக்க வேண்டியது நிறம் கரையும் இடம். பொகாஷி என்பார்கள். அச்சிடுபவர் பலகையில் மையைப் பூசி, ஈரத்தூரிகையால் இழுத்து, அடர்நீலம் மெல்ல மெல்ல வெறும் தாளாக மாறும்படி செய்வார். ஒவ்வொரு தாளுக்கும் இதைக் கையாலேயே செய்ய வேண்டும். ஹிரோஷிகேயின் வானங்களெல்லாம் இப்படி வந்தவைதான். மட்டமான ஆஃப்செட்டில் இந்தக் கரைசல் படிக்கட்டு மாதிரிப் பட்டை பட்டையாகத் தெரியும். வாட்டர் கலரில் வாஷ் போட்டுப் பழகிய கண் முதலில் அங்கேதான் போகும். மழைக்கோடுகளையும் பாருங்கள். 1857-இல் வந்த அந்த மழைப் பாலத்தில் மயிரிழை போன்ற கோடுகள் சற்றே மாறுபட்ட இரண்டு கோணங்களில் விழுகின்றன. மரத்தில் அத்தனை கோடுகளையும் புடைப்பாக விட்டுச் சுற்றிலும் குடைந்தெடுத்திருக்கிறார்கள். நல்ல அச்சில் ஒவ்வொரு கோடும் அறுபடாமல் இறங்கும், மோசமான அச்சில் புள்ளி புள்ளியாக உதிரும்.

காகிதம் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. பளபளக்கும் ஆர்ட் பேப்பர் வேண்டாம். அசல் ஓவியங்கள் கோசோ என்ற செடியின் பட்டையில் செய்த தாளில், நீர் கலந்த சாயம் உள்ளே இறங்கி ஊறியவை. மேலே வார்னிஷ் கிடையாது, பளபளப்பு கிடையாது. விவரத்தில் மேட் (பளபளப்பில்லாதது) என்றோ அன்கோட்டட் (மேற்பூச்சில்லாதது) என்றோ இருந்தால் நல்லது, தாளின் கனம் 150 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 150 கிராம்) குறையாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு குறை உண்டு. அன்கோட்டட் தாள் ஈரத்தை உறிஞ்சும், ஐப்பசி கார்த்திகையில் ஓரம் சுருளும். மேலே வைரோ கம்பி (நோட்டுகளில் வரும் வளையக் கம்பி) போட்டதைவிடப் பட்டையில் ஒட்டிய தாள் நேராக நிற்கும் என்பது என் அனுபவம்.

அப்புறம் எல்லாமே மர அச்சு ஓவியம் என்றும் நினைத்துவிட வேண்டாம். தங்கத் தகடு ஒட்டிய மடிப்புத் திரைகள் போட்ட காலண்டர்களும் வருகின்றன. ஒகாத்தா கோரின் வரைந்த ஐரிஸ் பூத் திரைகள் டோக்கியோவின் நேசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆறு மடிப்பு கொண்ட இரண்டு திரைகள், ஒவ்வொன்றும் 3 மீட்டருக்கு மேல் அகலம். அதைக் காலண்டர் பக்கத்துக்குச் சுருக்கினால் எட்டில் ஒரு பங்குகூட வராது, பெரும்பாலும் ஒரு திரையை மட்டும் போட்டுவிடுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் தங்கம். சாதாரண நாலு நிற அச்சில் தங்கம் வராது, கடுகு மஞ்சள்தான் வரும். நல்ல பதிப்பாளர்கள் ஐந்தாவதாக ஒரு உலோக மை போடுவார்கள், விவரத்தில் பெருமையாகச் சொல்லியும் இருப்பார்கள். சொல்லவில்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உத்தமாரோ, ஷாராக்கு படங்களில் பின்னணிக்குத் தூவிய அபிரகப் பொடியும் இப்படித்தான், அச்சில் வெறும் சாம்பலாகிவிடும். மை ஓவியங்களிலோ எதிர்ச்சிக்கல். கறுப்பின் சாயல்கள் மட்டுமே உள்ள படத்தை நாலு நிறத்தில் அடித்தால் ஒரு தாளில் பச்சையும் இன்னொரு தாளில் சிவப்பும் எட்டிப் பார்க்கும். அந்த வகைக் காலண்டரை நேரில் பார்க்காமல் நான் வாங்க மாட்டேன்.

மாதமும் படமும் பொருந்துகிறதா என்பதைப் பலர் பார்ப்பதில்லை. எனக்கு அது முக்கியம். ஜப்பானியர்களுக்குப் பருவம் தவறிய படத்தை மாட்டுவது அபஸ்வரம் மாதிரி. பிப்ரவரிக்கு உமே என்ற ஜப்பானிய பிளம் மரத்தின் பூ, ஏப்ரலுக்குச் செர்ரி, மே மாதம் கெண்டை மீன் கொடிகள், ஜூனில் ஐரிஸும் மழையும், ஜூலையில் தனபத்தா விழாவின் மூங்கில் தோரணம், அப்புறம் வாணவேடிக்கை, செப்டம்பரில் நிலா, நவம்பரில் சிவந்த மேப்பிள், வருடக் கடைசியில் பனி. கார், கூதிர் என்று பொழுதைப் பாட்டுக்குள் வைத்த நமக்கு இது புரியாத விஷயம் கிடையாது. பின்னட்டையில் 12 படங்களும் சின்னதாக இருக்கும். அதைப் பெரிதாக்கி, ஆகஸ்டில் பனி கொட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். கொட்டினால், 12 படத்தைச் சீட்டுக்கட்டுப் போலக் கலைத்து அடுக்கியிருக்கிறார்கள்.

தேதிக் கட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானிலேயே அச்சானதென்றால் சிவப்பில் இருப்பது அந்த நாட்டு விடுமுறைகள். ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் கொத்தாகச் சிவப்பு இருக்கும், பொங்கலும் தீபாவளியும் இருக்காது. வருடத்தைச் சக்கரவர்த்தியின் ஆட்சிக் கணக்கிலும் போட்டிருப்பார்கள். 2019 ரெய்வா 1 என்றால் 2026 ரெய்வா 8. சிலவற்றில் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு சித்திர எழுத்துகள் இருக்கும். அது ரொக்குயோ, ஆறு நாள் சுற்று. 'தைஅன்' நாளில் கல்யாணம் வைப்பார்கள்; 'தொமொபிகி' நாளில் ஈமச்சடங்கு வைக்க மாட்டார்கள், இறந்தவர் நண்பரையும் இழுத்துக்கொண்டு போவார் என்று அந்தப் பெயருக்குப் பொருள் கொள்வதால். நம் தினசரிக் காலண்டரின் ராகு காலம், எமகண்டம் மாதிரி என்று அப்பாவிடம் சொன்னால் ரசிப்பார். இரண்டு மாதத்துக்கு ஒரு தாள் என்று ஆறே படங்கள் உள்ளவையும் ஜப்பானில் நிறைய உண்டு. படம் பெரிதாக இருக்கும், ஆனால் பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் எழுத இடம் இருக்காது. அதற்கு எப்படியும் வீட்டில் இன்னொரு காலண்டர் இருக்கும் என்றால் கவலையில்லை.

அழகிகள் படம் மட்டுமே உள்ள காலண்டர் என்றால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அவற்றில் பல, யோஷிவாரா என்ற பகுதியின் கணிகையரை வரைந்தவை. இடுப்புப் பட்டையின் முடிச்சு முன்பக்கம் இருந்தால் பெரும்பாலும் அதுதான். ஓவியமாக மிக உயர்ந்தவை, உத்தமாரோவின் கோட்டுக்கு ஈடே இல்லை. கூடத்தில் மாட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு முடிவு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டில் ஒன்றை எடுப்பேன். ஒன்று, ஹிரோஷிகேயின் 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' மட்டுமே உள்ள காலண்டர். 1856-இல் தொடங்கிய தொடர், படங்கள் எல்லாமே நெட்டுவாக்கில் இருப்பதால் சுவர்க் காலண்டருக்கு வெட்டாமலே பொருந்தும். முழுத்தொடரையும் பின்னால் பருவ வாரியாகவே அடுக்கினார்கள் என்பதால் மாதத்துக்கு ஒன்று எடுப்பதும் எளிது. கமெய்தோவின் உமேத் தோட்டம் அதில்தான் வருகிறது. கண்ணுக்கு மிக அருகில் ஒரு முறுகிய கிளை பக்கத்தையே இரண்டாகப் பிளந்து நிற்க, அதன் இடுக்கு வழியாகத் தூரத்தில் மனிதர்கள் பொட்டாகத் தெரிகிறார்கள். வின்சென்ட் வான் கோ 1887-இல் எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்து பழகிய இரண்டு ஹிரோஷிகே படங்களில் அது ஒன்று, மழைப் பாலம் மற்றொன்று. ஓவிய ஆசிரியருக்கு இதைவிடப் பேச என்ன வேண்டும்?

இன்னொன்று கவாசே ஹாசுய். 1883-இல் பிறந்து 1957-இல் மறைந்தவர். வதனபே ஷோசபுரோ என்ற பதிப்பாளருடன் சேர்ந்து, பழைய முறையில் புதிய காட்சிகளைக் கொண்டுவந்த 'புதிய அச்சு' இயக்கத்தின் முக்கியமான கை. 1923 நிலநடுக்கத் தீயில் அவருடைய வரைநோட்டுகள் எல்லாம் போய்விட்டன. அதற்கப்புறம் ஊர் ஊராகச் சுற்றி மறுபடி வரைந்து நிரப்பினார். 1925-இல் வந்த ஷிபாவின் சோஜோஜி கோயில் படத்தைத் தேடிப் பாருங்கள். சிவந்த கோயில் வாசல், சாய்வாக வீசும் பனி, குடையை முன்னால் சாய்த்துக்கொண்டு போகிற ஒரு பெண். ஈரத்தையும் அந்தி வெளிச்சத்தையும் இந்த அளவுக்குப் பலகையில் கொண்டுவந்தவர்கள் குறைவு. வாட்டர் கலர் ஆளுக்கு நான் ஹாசுயைத்தான் கொடுப்பேன்.

அதே இயக்கத்தின் யோஷிதா ஹிரோஷியும் சில காலண்டர்களில் வருவார். 1937-இல் அவர் செய்த நிக்கோ கோயிலின் யோமெய் வாசல் படத்துக்கு ஒரு தாளை 96 முறை ஒற்றினார்கள். நாலு பிளேட்டில் வேலை பார்த்த எனக்கு அந்த எண்ணை முதலில் படித்தபோது நம்பவே முடியவில்லை. அவர் 1930-31-இல் இந்தியா வந்து சுற்றி, 1931-இல் மதுரைக் கோயிலையும் மர அச்சில் கொண்டுவந்திருக்கிறார். பன்னிரண்டில் ஒன்றாக அது இருக்கும் காலண்டர் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

ஜப்பானியக் கடைகளில் அடுத்த வருடத்துக் காலண்டர் செப்டம்பர், அக்டோபரிலேயே வந்துவிடும். நல்லவை டிசம்பரில் தீர்ந்துபோகும், கப்பலோ விமானமோ வந்து சேரும் நாளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வந்ததும் சுருட்டைப் பிரித்து ஒரு நாள் கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டு மாட்டுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். அச்சு மையில் மஞ்சளும் மஜெந்தாவும்தான் வெயிலுக்கு முதலில் போகும், ஆறே மாதத்தில் ஹாசுயின் சிவப்பு வாசல் நீலம் பாரித்துவிடும். வருடம் முடிந்ததும் அப்பா நிச்சயம் இரண்டு மூன்று தாளையாவது சட்டம் போடச் சொல்வார். கடைக்காரரிடம் கொடுக்கும்போது சுற்றியிருக்கும் வெள்ளையை வெட்ட வேண்டாம் என்று தாளின் பின்பக்கம் பென்சிலில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.